சொல் விளையாட்டில் எழுத்தைத் தவறான இடத்தில் தேடாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் இருக்கும் எங்கள் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும், எழுத்துக் காய்களை அடுக்கி ஆங்கிலச் சொற்கள் அமைக்கும் ஸ்கிராபிள் பலகை விரிந்துவிடும். பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே வளர்ந்தவர்கள். ஆனாலும் ஒரு 'கே' அல்லது 'எக்ஸ்' கைக்கு வந்ததும் திகைத்துப்போகிறார்கள். சொற்கள் அவர்களுக்குத் தெரியும். தேடுகிற இடம்தான் தவறு.

அகராதியைப் புரட்டுவதுபோல் எழுத்தை முதலில் வைத்தே தேடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. 'எக்ஸ்' எழுத்தில் தொடங்கும் சொல் என்றால் சைலஃபோனைத் தாண்டி நினைவு நகராது. அதையே கடைசியில் வையுங்கள்: பாக்ஸ், டாக்ஸ், மிக்ஸ். நடுவில் வையுங்கள்: டாக்ஸி, எக்ஸிட்.

அடுத்தது, காதை நம்புவது. தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் நெருக்கம் அதிகம்; அந்தப் பழக்கம் ஆங்கிலத்தில் காலை வாரிவிடும். 'கே' வைத்திருப்பவர் ககர ஒலியையே துழாவுகிறார். முழங்காலைக் குறிக்கும் 'நீ', முடிச்சைக் குறிக்கும் 'நாட்', கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' மூன்றும் 'கே'யில்தான் தொடங்குகின்றன. உயிரெழுத்தே கையில் இல்லையென்று அவசரப்பட்டுக் காய்களை மாற்றவும் வேண்டாம். 'ஒய்' ஒன்று இருந்தால் ஜிம், மித், ரிதம் எல்லாம் கைகூடும்.

'கியூ' வந்தால் 'யூ' வரும்வரை காத்திருப்பது வீண். பத்துப் புள்ளி பெறும் அந்த ஒற்றைக் காயை, ஓர் 'ஐ' கிடைத்தாலே இறக்கிவிடலாம். கியூ, ஐ: சீனர்கள் உயிராற்றலைக் குறிக்கும் 'சீ' என்ற சொல், போட்டிகளுக்கான சொற்பட்டியலில் இடம்பெற்றது.

எனக்கு மனவருத்தம் தரும் தவறு ஒன்று உண்டு. போன வாரம் பேரன் கையில் ஆர், ஓ, டி, ஐ நான்கும் இருந்தன. வைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "தாத்தா, ரொட்டி நம் வீட்டுச் சொல்லாயிற்றே" என்றான். அகராதியை எடுத்துக் காட்டினேன். சாரி, பிரியாணி, கறி எல்லாம் அதில் இருக்கின்றன. நம் கட்டுமரம் 'கேட்டமரான்' ஆகவும், சுருட்டு 'ஷெரூட்' ஆகவும் இருக்கின்றன. இந்த மண்ணின் சொற்களையும் விட்டுவிடாதீர்கள். இரண்டு 'ஏ' சேர்ந்து தொல்லை கொடுக்கும்போது, தீயில் இறைச்சி வாட்டும் 'பிராய்', மாட்டுத்தொழுவமான 'கிரால்' இரண்டும் அவற்றை ஒரே வீச்சில் தீர்த்துவிடும். டர்பன், தமிழ் போன்ற பெயர்ச்சொற்களுக்கு மட்டும் இடமில்லை.

மறைந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஊகிக்கும் வேர்டில் ஆடுவோருக்கு ஒரு சொல். சொல்லில் உண்டு, ஆனால் இடம் வேறு என்று மஞ்சளாகக் காட்டப்படும் எழுத்தை அடுத்த முயற்சியிலும் அதே கட்டத்தில் போட்டால், இருக்கும் ஆறு வாய்ப்புகளில் ஒன்று வீணாகிறது. அந்த விளையாட்டின் விடைகள் அமெரிக்க எழுத்துக்கூட்டலில் வருபவை. நாம் பள்ளியில் 'யூ' சேர்த்து எழுதிய 'ஹ்யூமர்', அங்கே அது இல்லாமல் ஐந்தே எழுத்தில் அடங்கும்.