எலி கடித்தால் ஊசி வேண்டுமா? ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ரொறன்ரோவில் நிலக்கீழ் வீட்டில் வாடகைக்கு இருந்தால் எலியைச் சந்திக்காமல் இருப்பது கடினம். பூங்காவில் அணிலுக்குக் கடலை நீட்டும் பிள்ளையின் விரலில் பல் பட்டுவிடுவதும் உண்டு. அப்போது எல்லோருக்கும் முதலில் வருவது விசர்நாய்க்கடிப் பயம்தான்.

காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் அப்ப வேண்டாம்.

இங்கே விசர் நோய் வௌவால், நரி, ரக்கூன், ஸ்கங்க் போன்றவற்றில்தான் காணப்படுகிறது. எலிக்கும் அணிலுக்கும் அது வருவது மிக மிக அரிது. அதனால் பெரும்பாலும் விசர் நோய்க்கான ஊசி தேவைப்படாது. சீண்டாமலே பாய்ந்து கடித்திருந்தால், அல்லது கிரவுண்ட்ஹாக் போன்ற பெரிய கொறிக்கும் பிராணி என்றால், வைத்தியரும் பொதுச் சுகாதாரப் பிரிவும் பார்த்து முடிவெடுப்பார்கள். தேவை என்றால் ஊசி இலவசம்.

ஆனால் இருட்டில் கடித்தது எலிதானா? இதில் அசட்டை வேண்டாம். தூங்கும் அறையில் வௌவால் இருந்திருந்தால், காயம் தெரியாவிட்டாலும் அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். 2024இல் ஒன்ராறியோவில் ஒரு பிள்ளை வௌவாலிடமிருந்து தொற்றிய விசர் நோயால் இறந்தது. அறையில் வௌவாலைக் கண்ட பெற்றோருக்குக் கடித்த அடையாளம் எதுவும் தெரியவில்லை.

எலிக்கடியில் உண்மையில் கேட்க வேண்டியது ஏற்பு (டெட்டனஸ்) ஊசியைப் பற்றி. கடிகாயத்தை அழுக்குக் காயமாகவே எடுப்பார்கள். கடைசியாகப் போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போடுவார்கள். முன்பு மூன்று ஊசியும் முழுதாகப் போட்டதற்குப் பதிவு இல்லையென்றால், கூடவே இம்யூனோகுளோபுலின் என்ற, உடனடிப் பாதுகாப்புத் தரும் நோயெதிர்ப்பு ஊசியும் தேவைப்படலாம். ஊரில் போட்ட ஊசிகளின் அட்டை பெட்டியின் அடியில் கிடந்தால் தேடி எடுத்து வையுங்கள், சிங்களத்திலோ தமிழிலோ எழுதியிருந்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று, எலிக்கடிக் காய்ச்சல். அதற்குத் தடுப்பூசியே கிடையாது. அன்டிபயாட்டிக் கொடுத்தால் குணமாகும். பெரும்பாலும் கடித்து 3 முதல் 10 நாளுக்குள் காய்ச்சல், மூட்டுவலி, தோலில் தடிப்பு வரும். சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து வீட்டில் இருக்காமல் வைத்தியரிடம் போய், எலி கடித்ததை மறக்காமல் சொல்லுங்கள். சொன்னால்தான் அவருக்கு அது தோன்றும்.

குடும்ப வைத்தியர் இன்னும் கிடைக்கவில்லையா? 811க்கு அழையுங்கள், எந்த நேரமும் தாதி பேசுவார். காயம் ஆழமாக இருந்தாலோ, சிவந்து வீங்கினாலோ நேரே வைத்தியரைப் பாருங்கள்.

அப்புறம், எலியை ஒழிப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. எழுத்தில் கேளுங்கள், அவர் அசையாவிட்டால் ரொறன்ரோவில் 311க்கு அழைத்து முறையிடலாம்.