பதினோரு சுட்டியும் போனது: விக்கிப்பீடியாவில் வெளி இணைப்பு சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

தமிழ் விக்கிப்பீடியாவில் நான் முதன்முதலில் சேர்த்த பதினோரு வெளி இணைப்புகளில் ஒன்றுகூட இன்று இல்லை. பதினொன்றும் என் சமையல் வலைப்பூவுக்குப் போகிற சுட்டிகள். மீன்தலைக் கறி, புட்டு, தேக்கா சந்தை என்று கண்ணில் பட்ட கட்டுரைகளின் அடியிலெல்லாம் 'மேலும் படிக்க' என்று ஒட்டிவிட்டு சிங்கப்பூரின் யீஷூனில் எம்ஆர்டி ரயில் ஏறினேன். நியூட்டனில் மாறி லிட்டில் இந்தியாவில் இறங்கிக் கைப்பேசியைப் பார்த்தால் அத்தனையும் போயிருந்தன. நீக்கியவர் தொகுப்புச் சுருக்கத்தில், அதாவது மாற்றத்துக்குக் காரணம் சொல்லும் இடத்தில், எழுதியிருந்தது மூன்றே சொல்: 'விளம்பர இணைப்புகள் நீக்கம்'.

விளம்பரமா? நான் என்ன காசு வாங்கிக்கொண்டா எழுதுகிறேன்? கோபத்தில் இரண்டைத் திரும்பப் போட்டேன். அதுவும் போனது. அப்புறம்தான் உட்கார்ந்து வழிகாட்டல்களைப் படித்தேன். காசு வாங்கினேனா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை. சுட்டியால் பயன் வாசிப்பவருக்கா, சுட்டிக்கு உரியவருக்கா என்பதுதான் கேள்வி. பதினொன்றிலும் பயன் எனக்கு.

சிலர் வேறு கணக்குப் போடுகிறார்கள். விக்கிப்பீடியாவிலிருந்து ஒரு சுட்டி கிடைத்தால் கூகுள் தேடலில் நம் தளம் மேலே வருமாம். அந்தக் கதவு எப்போதோ சாத்தியாகிவிட்டது. ஆங்கில விக்கிப்பீடியாவின் வெளிச்சுட்டிகள் எல்லாவற்றிலும் 2007 ஜனவரி முதல் 'நோஃபாலோ' என்ற குறி தானாகவே சேர்ந்துகொள்கிறது. தமிழிலும் அதே ஏற்பாடுதான். 'இதை என் பரிந்துரையாக எடுத்துக்கொள்ளாதே' என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி அது. ஆகவே துணிக்கடைக்கோ டியூஷன் நிலையத்துக்கோ சுட்டி போட்டு மிஞ்சப்போவது கெட்ட பெயர்தான். விடாமல் தூவினால் அந்தத் தள முகவரியே தடைப்பட்டியலில் ஏறிவிடலாம். ஏறிவிட்டால் நல்ல எண்ணத்தோடு அதைச் சேர்ப்பவருக்கும் பக்கம் சேமிக்காது. சுருக்கிய முகவரிகளும் இப்படித்தான் மாட்டிக்கொள்ளும். எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியாத சுட்டியை அங்கே யார் ஏற்பார்கள்?

இதெல்லாம் எளிதில் புரிந்துவிடும். நல்ல எண்ணத்தோடு வருபவர்கள் தடுக்கி விழும் இடம் வேறு: சான்றையும் வெளி இணைப்பையும் ஒன்றாக நினைப்பது. ஒருநாள் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் என்னோடு உட்கார்ந்து தொகுத்த ஒரு தம்பி, சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலைப் பற்றி எழுதிய பத்தியைக் காட்டினார்.

"அக்கா, அஞ்சு சுட்டி போட்டிருக்கேன். போதுமா?"

'1827இல் எழுந்த இக்கோயில் 1973இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது' என்ற வரியில் 1973 என்ற எண்ணே நீல எழுத்தில் ஒரு வெளித்தளத்துக்குப் போனது. அடுத்த வரியில் தீமிதி என்ற சொல்லைத் தொட்டால் யாரோ கைப்பேசியில் எடுத்த காணொளி. அடியில் வெளி இணைப்புகள் என்று தலைப்பிட்டு ஒரு சுற்றுலா நிறுவனம், ஒரு ஃபேஸ்புக் குழு, கோயிலின் சொந்தத் தளம்.

இதில் தகவல் தப்பில்லை, வைத்த இடம்தான் தப்பு. வாக்கியத்துக்குள் வெளிச்சுட்டி வரக்கூடாது. அங்கே சொடுக்குபவர் இன்னொரு விக்கிப்பீடியா கட்டுரைக்குப் போவதாக நம்பித்தான் சொடுக்குகிறார். 1973ஐ நிறுவும் பக்கம் வாக்கியத்தின் முடிவில் சான்றாக உட்கார வேண்டும்: தலைப்பு, வெளியிட்டவர், நாள் எல்லாம் சேர்த்து. சொன்ன தகவலுக்கு ஆதாரம் காட்டுவது சான்று. கட்டுரையை முடித்தவர் இன்னும் கொஞ்சம் போக விரும்பினால் திறந்துவிடுகிற வாசல் வெளி இணைப்பு. அந்த வாசலில் கோயிலின் அதிகாரபூர்வத் தளம் ஒன்று போதும். மற்றவற்றை எடுத்துவிட்டோம். தம்பிக்கு முகம் கொஞ்சம் வாடியது, காணொளி அவருடைய சித்தப்பா எடுத்ததாம்.

சரி, அந்தச் சான்றுக்கு எந்த முகவரியைக் கொடுப்பது? சிங்கப்பூர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு, அதிலேயே ஒரு வில்லங்கமும் உண்டு. தேசிய நூலக வாரியத்தின் மின்னாக்கச் செய்தித்தாள் தொகுப்பில் இங்குள்ள நாளிதழான தமிழ் முரசின் பழைய இதழ்கள் பல கிடைக்கின்றன. தேடிப் பிடித்த கட்டுரையின் முகவரியை அப்படியே நகலெடுத்தால், நாம் தேடிய சொல்லும் வடிகட்டியதும் கேள்விக்குறிக்குப் பின்னால் வாலாகத் தொங்கும். அந்த வாலை வெட்டிவிட்டு, புதுச் சன்னலில் திறந்து பாருங்கள். சமூக ஊடகங்கள் ஒட்டிவிடும் பின்தொடர் வாலுக்கும் இதே வைத்தியம்தான். கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடாதீர்கள். யூடியூப் முகவரியில் காணொளியின் அடையாளமே கேள்விக்குறிக்குப் பின்னால்தான் இருக்கிறது.

நூலகக் கணக்கில் நுழைந்து திறந்த மின்வளப் பக்கத்தின் முகவரியைக் கொடுப்பது இன்னொரு வழக்கமான தவறு. உங்கள் திரையில் அழகாகத் திறக்கும். மதுரையில் இருப்பவருக்கும் யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கும் நுழைவுப் பெட்டிதான் வரும். சில இதழ்களை நூலகத்துக்குள் உள்ள கணினியில் மட்டுமே முழுதாகப் படிக்க முடியும். அப்போது சுட்டியே வேண்டாம். இதழின் பெயர், நாள், பக்க எண் ஆகியவற்றை எழுதினால் அது முழுமையான சான்று. இணையத்தில் இருப்பது மட்டுமே சான்று என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள், நம்பாதீர்கள்.

பதிப்புரிமையில் மட்டும் சலுகை கிடையாது. உள்ளூர்க் கவிஞர் ஒருவரின் நூலை யாரோ வருடி இணையக் கிடங்கில் போட்டிருப்பார்கள், முழுப் படமும் யூடியூபில் ஓடும். அவற்றுக்குச் சுட்டி தருவதும் தவறுதான், 'நான் ஏற்றவில்லையே' என்ற பதில் செல்லாது. சிங்கப்பூரில் எழுத்துக்கான உரிமை எழுதியவர் இறந்தபின் பொதுவாக 70 ஆண்டு வரை நீடிக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடைப்புக்குறிக் குழப்பம் சின்ன விஷயம்: விக்கிப்பீடியாவுக்குள் போவதற்கு இரட்டைச் சதுர அடைப்பு, வெளியே போவதற்கு ஒற்றை. ஒற்றையில் முகவரிக்கும் பெயருக்கும் நடுவில் ஓர் இடைவெளி விட்டால் போதும், செங்குத்துக் கோடு வேண்டாம்.

செத்த சுட்டியைக் கண்டதும் சான்றோடு சேர்த்துத் தூக்கி எறிகிறவர்களும் உண்டு. களைபிடுங்கப் போய்ப் பயிரையும் பிடுங்குகிற வேலை இது. முதலில், வலைப்பக்கங்களின் பழைய படிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் என்ற தளத்தில் அந்த முகவரியைப் போட்டுப் பாருங்கள். பழைய பக்கத்தின் படி பெரும்பாலும் அங்கே இருக்கும், அதன் சுட்டியையும் சான்றில் சேர்த்துவிடலாம். புதிதாகச் சான்று தரும்போதே அங்கே ஒரு படி சேமித்துவிடுவது என் பழக்கம்.

எல்லாம் பார்த்துச் செய்தும் யாராவது நீக்கிவிட்டால், என்னைப் போல உடனே திரும்பப் போடாதீர்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் பிறர் செய்த மாற்றத்தை மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் கணக்கைத் தடுத்துவிட வாய்ப்புண்டு. கட்டுரையின் பேச்சுப் பக்கத்துக்குப் போங்கள். உங்கள் சொந்தத் தளம் என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். நான் பிறகு எழுதியது இப்படி: 'வணக்கம். இந்த வலைப்பூ என்னுடையது. தேக்கா சந்தையின் பழைய மீன்கடைக்காரர்களிடம் எடுத்த நேர்காணல் இதில் இருக்கிறது. கட்டுரைக்குப் பயன்படுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.' கையொப்பத்துக்கு நான்கு அலைக்குறி (~~~~). ஐந்து நாள் கழித்துப் பதில் வந்தது: நேர்காணல் நன்றாக இருக்கிறது, வலைப்பூ என்பதால் சேர்க்க முடியாது, அதில் சொல்லியிருக்கும் சந்தை இடமாற்றத்துக்குப் பழைய நாளிதழில் செய்தி ஏதும் கிடைக்குமா?

அடுத்த சனிக்கிழமை நூலகத்துக்குப் போனேன்.