அந்நியபாஷைக்கு அர்த்தம் சொல்லுதல்: கூட்டத்தை நடத்துகிறவருக்கும் வியாக்கியானம் செய்கிறவருக்கும்

ஆராதனையின் நடுவே ஒருவர் குரலை உயர்த்தி அந்நியபாஷையில், அதாவது ஆவியின் வரமாகக் கிடைக்கும், தாம் கற்றிராத மொழியில், பேசி முடிக்கிறார். பாட்டு நின்றிருக்கிறது, கீபோர்டில் ஒரு சுரம் மட்டும் மெல்ல இழைந்துகொண்டிருக்கிறது, கூட்டம் காத்திருக்கிறது. அடுத்த ஒரு நிமிடத்தில் நடப்பதை வைத்தே அந்தச் சபை இந்த வரத்தை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிடலாம். சில இடங்களில் அல்லேலூயா முழக்கத்தோடு அடுத்த பாட்டு தொடங்கிவிடும். வேறு சில இடங்களில், மௌனத்தைத் தாங்க முடியாத யாரோ ஒருவர் எழுந்து, மனப்பாடமாக இருக்கும் நான்கு வசனங்களைக் கோத்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். இந்த இரண்டிலுமே பேசப்பட்டதன் பொருள் சபைக்குக் கிடைக்காமல் போய்விடுகிறது என்பதால், அந்த ஒரு நிமிடத்தை எப்படி நடத்துவது என்பதை இங்கே விரிவாக எழுத விரும்புகிறேன்.

பவுல் ஏறத்தாழ கி.பி. 55ஆம் ஆண்டில் எபேசுவிலிருந்து கொரிந்து சபைக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 14ஆம் அதிகாரமே இதற்கு நம்மிடம் உள்ள நேரடியான வழிகாட்டுதல். அந்த அதிகாரத்தைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் 27, 28ஆம் வசனங்களிலுள்ள ஒழுங்குகளிலேயே நின்றுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், 16ஆம் வசனத்திலிருந்து தொடங்க வேண்டும். நீ ஆவியில் ஸ்தோத்திரம் செய்யும்போது, நீ சொல்வது இன்னதென்று அறியாமல் உட்கார்ந்திருக்கிறவன் அதற்கு எப்படி ஆமென் சொல்வான் என்று பவுல் அங்கே கேட்கிறார். அர்த்தம் சொல்லுதலாகிய வியாக்கியானம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதற்கு இந்தக் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது: பக்கத்தில் இருக்கிறவர் அறிந்து ஆமென் சொல்ல வேண்டும். தாம் எல்லாரைக்காட்டிலும் அதிகமாக அந்நியபாஷை பேசுவதாகச் சொல்லும் அதே பவுல்தான், சபையில் பதினாயிரம் அந்நியபாஷை வார்த்தைகளைவிடப் புரியும்படியான ஐந்து வார்த்தைகளையே விரும்புவதாகவும் சொல்கிறார். அவர் வரத்தைக் குறைத்துப் பேசவில்லை. கேட்கிறவரின் பக்கம் நின்று பேசுகிறார்.

வியாக்கியானம் என்றால் என்ன என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. மேடையில் பிரசங்கியாரின் பக்கத்தில் நின்று வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்க்கிறவரின் வேலையையே நாம் மனதில் வைத்துக்கொள்கிறோம். அவருக்கு இரண்டு மொழிகளும் தெரியும். இங்கே பேசுகிறவருக்கும் அர்த்தம் சொல்லுகிறவருக்கும் அந்த மொழி தெரியாது. மூலத்திலுள்ள கிரேக்கச் சொல்லும் பரந்த பொருளுடையது. தபித்தாள் என்ற பெயருக்குத் தொற்காள் என்று அர்த்தமாம் என்று அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்தில் வரும் இடத்திலும், எம்மாவு ஊருக்குப் போகும் வழியில் இயேசு வேதவாக்கியங்களை விவரித்துக் காண்பித்தார் என்று லூக்கா 24ஆம் அதிகாரத்தில் வரும் இடத்திலும் இதே வினைச்சொல்தான் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதும், கருத்தை விளக்குவதும் அதற்குள் அடங்கும். ஆகையால் அரை நிமிடப் பேச்சுக்கு ஒன்றரை நிமிட வியாக்கியானம் வந்தாலோ, நீண்ட பேச்சுக்கு இரண்டே வாக்கியங்கள் வந்தாலோ, அதனால் மட்டும் அது பொய்யாகிவிடாது.

இந்தப் புரிதலுக்குச் சபை சுலபமாக வந்துவிடவில்லை. 1906இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் அசூசா தெருவில் வில்லியம் சீமோர் நடத்திய எழுப்புதல் கூட்டங்களில் அந்நியபாஷை பேசும் வரம் பெற்ற பலர், தங்களுக்குக் கிடைத்தவை ஏதோ ஒரு நாட்டின் மொழிகளே என்று நம்பினார்கள். சீமோருக்குப் போதித்த சார்லஸ் பார்ஹாம் அப்படித்தான் கற்பித்திருந்தார். வங்காள மொழி கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கையோடு, அங்கே பாஷை பெற்றவர்களில் ஒருவரான ஆல்ஃபிரட் கார் தம் மனைவியுடன் கல்கத்தாவுக்கு வந்து, 1907ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே ஊழியம் செய்தார். அந்த மொழி தமக்கு வரவில்லை என்பதை அங்கேதான் கண்டுகொண்டார். ஆனாலும் அவர் ஊழியத்தை விட்டுவிடவில்லை, பாஷைகளின் வரத்தையும் மறுதலிக்கவில்லை. அதைப் பற்றி அவர் நினைத்திருந்தது மட்டும் மாறியது. அப்படிப்பட்ட அனுபவங்களுக்குப் பிறகு, பெந்தெகொஸ்தே சபைகள் பாஷையை முதன்மையாக ஜெபமாகவும் ஆராதனையாகவும் பார்க்கத் தொடங்கின. பாஷை ஜெபமாக இருக்குமானால், சபைக்கு அது விளங்கும்படி இன்னொரு வரம் துணைக்கு வந்தாக வேண்டும்.

அடுத்ததாக, வியாக்கியானம் யாரை நோக்கிப் பேச வேண்டும் என்பதைப் பார்க்க வேண்டும். அந்நியபாஷை பேசுகிறவன் மனுஷரிடத்தில் பேசாமல் தேவனிடத்தில் பேசுகிறான் என்பது 14ஆம் அதிகாரத்தின் 2ஆம் வசனம். சீஷர்கள் முதன்முதலாகப் பாஷைகளில் பேசிய பெந்தெகொஸ்தே நாளில் (அப்போஸ்தலர் 2) கூடியிருந்தவர்கள் கேட்டதும் தேவனுடைய மகத்துவங்களைத்தான்; அப்போஸ்தலர் 10ஆம் அதிகாரத்தில் பாஷைகளில் பேசிய கொர்நேலியுவின் வீட்டாரும் தேவனைப் புகழ்ந்தார்கள். இப்படியிருக்க, நம் கூட்டங்களில் வரும் வியாக்கியானங்களில் பெரும்பகுதி "என் ஜனமே, நான் உங்களுக்குச் சொல்லுகிறேன்" என்று தொடங்குவது ஏன் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வியாக்கியானத்தோடு சேர்ந்த பாஷை சபைக்குப் பக்திவிருத்தி உண்டாக்குவதில் தீர்க்கதரிசனத்துக்கு (தேவனுடைய செய்தியைச் சபைக்கு விளங்கும் மொழியில் சொல்வதற்கு) சமம் என்று 5ஆம் வசனத்தைக் கொண்டு போதிக்கிறவர்கள் உண்டு. அவர்களை நான் மறுக்க வரவில்லை. ஆனால் ஸ்தோத்திரமாகவும் விண்ணப்பமாகவும் வரும் வியாக்கியானத்துக்கும் நம் சபைகளில் இடம் இருக்க வேண்டும். "ஆண்டவரே, எங்கள் அறியாமையிலும் நீர் எங்களைத் தாங்கினீர்" என்று ஒருவர் அர்த்தம் சொன்னால், சபை முழுவதும் அந்த ஜெபத்துக்குள் சேர்ந்துகொண்டு ஆமென் சொல்ல முடியும். பவுல் கேட்ட ஆமென் அதுவே. செய்தியாக ஒன்று வந்தால், அதைத் தீர்க்கதரிசனத்தைப் போலவே நிதானித்துப் பார்க்க வேண்டும்.

கூட்டத்தை நடத்துகிறவர் செய்ய வேண்டியவை

உங்கள் வேலை கூட்டத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அர்த்தஞ்சொல்லுகிறவன் இல்லாவிட்டால், பேசுகிறவன் சபையில் அமைதியாயிருந்து தனக்கும் தேவனுக்கும் தெரியப் பேசக்கடவன் என்று 28ஆம் வசனம் சொல்கிறது. பேசப்போகிறவர் இதைக் கடைப்பிடிக்க வேண்டுமானால், அந்த வரமுள்ளவர்கள் அன்றைக்கு வந்திருக்கிறார்களா என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்படியானால் சபை தன் வரங்களை அறிந்திருக்க வேண்டும் என்றாகிறது. இந்த வரம் யார் யாரிடம் பலமுறை நிதானிக்கப்பட்டு ஏற்கப்பட்டிருக்கிறது என்பதைப் போதகரும் மூப்பர்களும் அறிந்திருந்து, கூட்டத்துக்கு முன் அவர்களில் ஒருவரிடமாவது "இன்றைக்கு ஆயத்தமாக இருங்கள்" என்று சொல்லி வைப்பது நல்லது.

எல்லாரும் ஒருமித்துச் சத்தமாக ஜெபிக்கும் வேளையில் எழும் பாஷை வேறு, கூட்டம் அடங்கியிருக்கும்போது ஒருவர் சபை கேட்கப் பேசும் பாஷை வேறு என்பதைச் சபைக்குக் கற்றுக்கொடுங்கள். முதலாவதில் ஒவ்வொருவரும் தேவனோடு பேசுகிறார்கள். அதற்கு வியாக்கியானம் கேட்டு யாரும் காத்திருப்பதில்லை. இரண்டாவது சபையின் காதுகளுக்கு முன் வைக்கப்படுவது. அதற்கு இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், அதுவும் ஒவ்வொருவராய் என்று 27ஆம் வசனம் சொல்லும் அளவு பொருந்தும்.

ஒருவர் பேசி முடித்ததும் இசையை நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு, தாழ்ந்த குரலில், "அர்த்தம் கொடுக்கப்பட்டவர் சொல்லட்டும், நாம் காத்திருப்போம்" என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். ஒரு நிமிடம் என்பது மேடையில் நிற்கிறவருக்கு மிக நீளமாகத் தெரியும். உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அப்படித் தெரியாது. ஒருவரும் எழும்பாவிட்டால், அந்நியபாஷையில் பேசுகிறவனே அர்த்தத்தையும் சொல்லத்தக்கதாக விண்ணப்பம்பண்ண வேண்டும் என்ற 13ஆம் வசனத்தை நினைவூட்டி, பேசியவரையே அதற்காக ஜெபிக்கும்படி கேளுங்கள். அதற்குப் பிறகும் ஒன்றும் வராவிட்டால், அவரை வெட்கப்படுத்தாமல், "சகோதரியின் ஜெபம் தேவனை எட்டியிருக்கிறது, நாம் தொடர்ந்து ஆராதிப்போம்" என்று சொல்லி அடுத்ததற்குப் போய்விடலாம். அந்தக் கூட்டத்தில் மறுபடியும் ஒருவர் சத்தமாகப் பேசத் தொடங்கினால், அருகே சென்று மெதுவாகப் பேசும்படி சொல்லலாம். தீர்க்கதரிசிகளுடைய ஆவிகள் தீர்க்கதரிசிகளுக்கு அடங்கியிருக்கிறது என்றால், பாஷை பேசுகிறவரும் தம்மை அடக்கிக்கொள்ளக் கூடியவரே. "என்னால் நிறுத்த முடியவில்லை" என்ற பேச்சுக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை.

புதிதாக வந்திருப்பவர்களை மறந்துவிடாதீர்கள். எல்லாரும் பாஷைகளில் பேசிக்கொண்டிருக்கும்போது அவர்கள் உள்ளே வந்தால் பைத்தியம்பிடித்தவர்கள் என்பார்களல்லவா என்று பவுல் எழுதியது அவர்களை மனதில் வைத்துத்தான். நடந்தது என்ன, ஏன் காத்திருந்தோம் என்பதை அவர்களுக்கு இரண்டு வாக்கியங்களில் அப்போதே சொல்லிவிடுங்கள்.

வியாக்கியானம் செய்கிறவருக்கு

இந்த வரம் எல்லாருக்கும் ஒரே விதமாக வருவதில்லை. சிலருக்கு முழுக் கருத்தும் ஒருசேர மனதில் தெளிகிறது. சிலருக்கு முதல் வாக்கியம் மட்டும் வந்து, அதைச் சொன்ன பிறகே அடுத்தது வருகிறது. சிலருக்கு ஒரு காட்சியோ வேதத்தின் ஒரு பகுதியோ அழுத்தமாக எழும்புகிறது. எந்த விதமாக வந்தாலும், கொடுக்கப்பட்டதைச் சொல்லுங்கள், முடிந்ததும் நிறுத்துங்கள். இங்கே வரும் தவறுகளில் அதிகம் நேர்வது, நிறுத்தத் தெரியாமல் நீட்டிக்கொண்டு போவதுதான்.

நான் இதைக் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜெபக்கூட்டத்தில் ஒரு அம்மா பாஷையில் பேசி முடித்தபோது, தேவனுடைய பொறுமையைத் துதிக்கும் இரண்டு வாக்கியங்கள் எனக்குத் தெளிவாக வந்தன. அவற்றைச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மனஸ்தாபப்பட்டு எதிரெதிர் வரிசைகளில் உட்கார்ந்திருந்த இரண்டு சகோதரர்கள் என் கண்ணில் பட்டார்கள். மன்னிப்பைப் பற்றி இன்னும் நாலைந்து வாக்கியங்கள் என் வாயிலிருந்து வந்தன. அவற்றை எந்தக் குரலில் சொன்னேனோ அதே குரலில்தான் முந்தின இரண்டையும் சொல்லியிருந்தேன். கூட்டம் முடிந்ததும் மூத்த ஊழியக்காரர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்து, "தம்பி, அதில் உனக்குக் கொடுக்கப்பட்டது எத்தனை வாக்கியம், நீ சேர்த்தது எத்தனை வாக்கியம்?" என்று கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். "அந்த மீதியை நீ அவர்கள் வீட்டுக்குப் போய், உன் சொந்த வார்த்தையாகச் சொல்லியிருக்க வேண்டும்" என்றார். அந்தக் கேள்வியை இன்றுவரை, ஒவ்வொரு முறையும் உட்கார்ந்த பிறகு, என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

ஆகவே, கூட்டத்தில் இருக்கிற ஒருவருடைய காரியம் உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால், அதைத் தொடும் வாக்கியம் வரும்போது இருமடங்கு எச்சரிக்கையாக இருங்கள். திருமணம், பணம், நோய், வேலை ஆகியவற்றில் ஒருவருக்குக் கட்டளையிடும் வார்த்தைகளை வியாக்கியானமாகச் சபையில் சொல்லாதீர்கள்; அப்படி ஏதாவது மனதில் அழுத்தினால் மூப்பர்களிடம் தனியே சொல்லுங்கள். உங்கள் இயல்பான குரலிலும், நீங்கள் ஜெபிக்கும் சாதாரணத் தமிழிலும் பேசுங்கள். குரலை நடுங்கவைப்பதும் பழைய நடையைக் கூட்டுவதும் சொல்லுக்கு அதிகாரம் சேர்ப்பதில்லை. நிச்சயமில்லாவிட்டால் "நான் உணர்ந்த அளவில்" என்று தொடங்கலாம். அதனால் வரம் குறைந்துவிடாது.

நிதானித்தல்

ஜான் கில்டால் என்ற உளவியலாளர், பதிவு செய்த பாஷைப் பேச்சை வெவ்வேறு வியாக்கியானிகளுக்குத் தனித்தனியே போட்டுக்காட்டியபோது ஒன்றுக்கொன்று ஒவ்வாத அர்த்தங்கள் கிடைத்ததாக 1972இல் எழுதினார். அதே ஆண்டில் மொழியியலாளர் வில்லியம் சாமரின், தாம் ஆராய்ந்த பாஷைப் பேச்சுகளில் மனித மொழிக்குரிய கட்டமைப்பு இல்லை என்ற முடிவை வெளியிட்டார். விசுவாசிகள் இவற்றைக் கேட்டுக் கோபப்படத் தேவையில்லை. ஆராதனைக்கு வெளியே ஒலிநாடாவுக்குச் சொல்லும் அர்த்தமும் சபையில் கொடுக்கப்படும் அர்த்தமும் ஒன்றல்ல என்று நாம் சொல்லலாம். ஆயினும், எந்த வியாக்கியானத்தையும் அகராதியை வைத்துச் சரிபார்க்க முடியாது என்பது இவற்றால் உறுதியாகிறது. எனவே சோதனை முழுவதும் உள்ளடக்கத்தின் மேல்தான் விழுகிறது. அது இயேசுவைக் கர்த்தரென்று உயர்த்துகிறதா, வேதத்தோடு ஒத்துப்போகிறதா, கேட்டவர்களைக் கட்டியெழுப்புகிறதா, அல்லது பயமுறுத்திச் சொன்னவரிடம் கட்டிப்போடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆவியை அவித்துப்போடாமலும், எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து நலமானதைப் பிடித்துக்கொண்டும் இருக்கும்படி தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்டது இதற்கும் பொருந்தும்.

இந்த வரங்கள் அப்போஸ்தலர் காலத்தோடு நின்றுவிட்டன என்று நம்புகிற உண்மையான விசுவாசிகள் நம் நடுவிலும் உண்டு. கூட்டத்துக்குள் அவர்களோடு வாதாட வேண்டாம்.

நடைமுறையில் எங்களுக்கு உதவியது ஒரு நோட்டுப் புத்தகம். கூட்டத்தில் வரும் ஒவ்வொரு வியாக்கியானத்தையும், கேட்ட ஒருவர் அதே நாளில் எழுதிவைக்கிறார். தேதி, சாராம்சம், சொன்னவர் பெயர், அவ்வளவுதான். மாதம் ஒருமுறை மூப்பர்கள் அதை வாசித்து, சொன்னவர்களையும் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். ஒரே சகோதரரிடமிருந்து எப்போதும் கண்டிப்பே வருகிறது என்பதும், இன்னொருவர் சொல்லும் எல்லாமே கடந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தின் வார்த்தைகளாகவே இருக்கிறது என்பதும் அந்தப் பக்கங்களைப் புரட்டும்போதுதான் தெரியவந்தன. இருவரோடும் அன்பாகப் பேசினோம். ஒருவர் சில மாதங்கள் அமைதியாக இருந்து ஜெபிக்கத் தாமே முன்வந்தார்; அதற்குப் பிறகு அவர் எழுந்து சொன்ன முதல் வியாக்கியானம் ஒரே ஒரு வரிதான், அதற்குச் சபை முழுவதும் ஆமென் சொன்னது.