பனிக்காலச் சைக்கிள் பயணத்தில் விரல்கள் விறைக்காமல் இருக்க

டொரொண்டோவில் குளிர்காலத்திலும் சைக்கிளிலேயே வேலைக்குப் போகிறவர்களைப் பாதியில் திரும்ப வைப்பது பெரும்பாலும் விரல்கள்தான். கால்கள் மிதித்து மிதித்துச் சூடாகிவிடுகின்றன, முதுகில் வியர்வைகூட அரும்புகிறது. கைகள் மட்டும் அசைவில்லாமல் எதிர்க்காற்றில் நீண்டு கிடக்கின்றன. வெப்பநிலை மைனஸ் 10 பாகை செல்சியஸாக இருக்கும்போது மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், கனடிய வானிலைக் கணக்குப்படி அது தோலுக்கு மைனஸ் 18 போலப் படும். காற்று அசையாத நாளிலும் அந்த வேகத்தை நாமே மிதித்து உண்டாக்கிக்கொள்கிறோம். ஸ்காபரோவின் மெடோவே பாதையைப் போல, மின்கம்பிகளுக்கு அடியில் திறந்தவெளியாக நீளும் இடங்களில் உண்மைக் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

கையுறை வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வந்த வெப்பத்தைக் காத்து வைக்கிறது, அவ்வளவுதான். விரல்களை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் முன்கையில் இருப்பதால், விரல்களுக்கு வேண்டிய சூடு இரத்தத்தோடுதான் வந்து சேர வேண்டும். உடலின் நடுப்பகுதி குளிரத் தொடங்கினால், உடல் முதலில் கை கால் நுனிகளுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். என் முதல் குளிர்காலத்தில் கடையில் இருந்தவற்றிலேயே தடித்த பனிச்சறுக்குக் கையுறையை வாங்கிக்கொண்டு, கழுத்தைத் திறந்து போட்டபடி கிளம்பி, இந்தப் பாடத்தை விரல் நோகக் கற்றேன். ஆகவே மார்பு, கழுத்து, காது ஆகியவற்றை முதலில் மூடுங்கள். அடுத்தது மணிக்கட்டு. அங்கே இரத்தக் குழாய்கள் தோலுக்கு மிக அருகில் ஓடுகின்றன. சட்டைக்கைக்கும் கையுறைக்கும் நடுவே தெரியும் இரண்டு விரற்கடை இடைவெளியே போதும், சூடு வெளியேறிவிடும். பழைய கம்பளிக் காலுறையின் நுனியை வெட்டி, பக்கத்தில் கட்டைவிரலுக்கு ஒரு துளையிட்டு மாட்டிக்கொண்டால் அந்த இடைவெளி அடைபடும்.

கையுறை வாங்கும்போது கடையிலேயே மாட்டி, பிரேக் பிடிப்பதுபோல விரல்களை மடக்கிப் பாருங்கள். விரல்நுனி துணியில் இடித்தாலோ முட்டிகளில் இறுக்கம் தெரிந்தாலோ அது எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் வேண்டாம், ஏனெனில் இறுக்கம் இரத்த ஓட்டத்தையும் சூட்டைக் காக்கும் காற்றுப் படலத்தையும் ஒருசேரக் கெடுக்கும். உள்ளே மெல்லிய கம்பளி, வெளியே காற்றுப் புகாத உறை என இரண்டு அடுக்காக அணிவது ஒரே தடித்த உறையைவிட நல்லது. இன்னும் கடுமையான குளிருக்கு, நண்டுக் கொடுக்கைப் போல இரண்டிரண்டு விரல்கள் சேர்ந்திருக்கும் வகை ஏற்றது. விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கும், பிரேக்கும் கைக்கு எட்டும்.

ஆனால் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், நான் சொல்வது கைப்பிடியிலேயே பொருத்தும் பெரிய உறையைத்தான். இங்கே அதைப் போகி என்கிறார்கள். பொங்கலுக்கு முதல்நாள் வரும் போகிக்கும் இதற்கும் தொடர்பில்லை, இரண்டும் ஜனவரியில் நினைவுக்கு வருகின்றன என்பதைத் தவிர. கை, பிரேக் லீவர், கியர் மூன்றும் அதற்குள் அடங்கிவிடுவதால் காற்று விரலைத் தொடுவதே இல்லை, உள்ளே மெல்லிய கையுறை போதும். பொருத்திய பின் வண்டியை நிறுத்தி வைத்தே, உறை பிரேக் லீவரை அழுத்தவில்லை என்பதையும், விழ நேர்ந்தால் கை சட்டென்று வெளியே வரும் என்பதையும் சோதித்துக்கொள்ளுங்கள். உறை இல்லாதவர்கள், பிரேக் லீவரின் உலோகம் கையுறை வழியாகவே சூட்டை உறிஞ்சுவதைத் தடுக்க, பழைய சைக்கிள் டியூபை நான்கு அங்குல நீளத்துக்கு வெட்டி லீவரின்மேல் செருகலாம்.

ஈரம் காற்றுக்கு அடுத்த எதிரி. வியர்க்கும் கை உள்ளவர்கள் அடியில் மெல்லிய நைட்ரைல் கையுறை (மருத்துவமனைகளில் அணியும் செயற்கை ரப்பர் வகை) அணிந்தால் வியர்வை கம்பளியை நனைக்காது. இரும்புத் தூள் அடங்கிய சூட்டுப் பொட்டலம் காற்றுப் பட்டால்தான் வேலை செய்யும் என்பதால், கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பே பிரித்து, உள்ளுறைக்கு மேலே, புறங்கைப் பக்கமாக வையுங்கள். வெறுந்தோலில் வைத்தால் சுடும்.

வழியில் விரல் மரத்தால் இறங்கி நின்று, கையை நீட்டிப் பெரிய வட்டமாக இருபது முப்பது முறை சுழற்றுங்கள். இரத்தம் நுனிவரை பாயும். கையுறைக்குள் வாயால் ஊதினால் ஈரந்தான் மிஞ்சும். பிரேக்கைப் பிடித்திருக்கிறோமா என்பதே தெரியாத நிலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதே சரி. தோல் வெளுத்து மெழுகுபோலாகி உணர்விழந்தால் தேய்க்காதீர்கள், ஹீட்டர்மேல் வைக்காதீர்கள். உள்ளே போய், 37 முதல் 39 பாகை வரையுள்ள வெதுவெதுப்பான நீரில் கையை வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிறு குளிருக்கே விரல் வெளுத்து நீலமாகும் இயல்புடையவர்கள் குளிர்காலம் தொடங்குமுன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

வேலையிடம் வந்து சேர்ந்ததும் கையுறையின் உட்புறத்தை வெளியே திருப்பி நாற்காலி முதுகில் தொங்கவிடுங்கள். மாலைக்குள் அது காயாது என்று தோன்றினால், பையில் இன்னொரு சோடி இருக்கட்டும்.