சமையலறையை இடித்துப் போட்ட மாதத்தில் நாலு பேருக்குச் சாப்பாடு

சேலத்தில் அம்மாப்பேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை பக்கத்துப் பழைய வீடுகளில் அடுப்பு மேடையை உடைத்து கிரானைட் போட ஆரம்பித்தால், கொத்தனார் சொல்லும் பத்து நாள் ஒரு மாதம் ஆகும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். எல்லோருக்கும் முதல் கவலை அடுப்புதான். ஆனால் நாலாவது நாளே ஆளைச் சலிக்க வைப்பது பாத்திரம் கழுவும் வேலை. அதனால் தண்ணீர் வரும் வழியையும் போகும் வழியையும் பார்த்துவிட்டு, அதன் பிறகு அடுப்புக்கு இடம் தேடுங்கள்.

பெரும்பாலான வீடுகளில் வாஷிங் மெஷின் நிற்கும் மூலைதான் சரியான இடம். 16 ஆம்பியர் பிளக், குழாய், தண்ணீர் வெளியேறும் வழி மூன்றும் அங்கே ஏற்கெனவே இருக்கும். குழாயிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி மர மேசை ஒன்றைப் போடுங்கள். சமைக்கும் நேரத்தில் மெஷினை ஓட்டாதீர்கள்.

வாஷ்பேசினில் பாத்திரம் கழுவவே கூடாது. அதன் கழிவுக் குழாய் ஒன்றேகால் அங்குலம்தான். ஒரு வாரச் சோற்றுப் பருக்கையே அதை அடைத்துவிடும். எச்சிலைக் குப்பையில் வழித்துப் போட்டு, எண்ணெய்ப் பிசுக்கைப் பழைய செய்தித்தாளால் துடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மிச்சத்தைப் புழக்கடையில் இரண்டு டப்புகளில், ஒன்றில் தேய்த்து இன்னொன்றில் அலசி எடுக்கலாம். ஊற்றும் தண்ணீரை ஒரு பழைய வடிகட்டி வழியாக விடுங்கள். தட்டுக்குப் பதில் மந்தாரை இலையோ வாழை இலையோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு மாதம் அது ஆடம்பரம் இல்லை.

கரண்ட் கணக்கு

6 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் தாங்குவது சுமார் 1,380 வாட். இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட் வரை இழுக்கும். கன்வெர்ஷன் பிளக் மாட்டி அதை 6 ஆம்பியரில் செருகுவதால்தான் பல வீடுகளில் சுவிட்ச் போர்டு கருகுகிறது. வேறு வழியே இல்லையென்றால் 1,200 வாட்டைத் தாண்டாமல் ஓட்டுங்கள். பால், சாதம் என்று படம் போட்ட பட்டன்களைத் தொடாதீர்கள். பல மாடல்களில் அவை அதிக வாட்டில் தானே தொடங்கிவிடும். எக்ஸ்டென்ஷன் தேவைப்பட்டால் 16 ஆம்பியர் பிளக்கும் 2.5 சதுர மி.மீ. ஒயரும் உள்ளதாக வாங்கி, சுருளை முழுக்கப் பிரித்துப் போடுங்கள். சுருட்டிய ஒயர் சூடேறும். பத்து நிமிடம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ரைஸ் குக்கருக்கு 700 வாட் போல்தான் வேண்டும். அதை ஹாலில், வேறு போர்டில் வையுங்கள்.

காந்தம் ஒட்டும் அடிப்பாகம் உள்ள பாத்திரம்தான் இண்டக்‌ஷனில் சூடாகும். அலுமினிய இட்லிப் பானை, சாதா அலுமினிய குக்கர் இரண்டும் உதவாது. எவர்சில்வர் எல்லாம் ஒட்டும் என்றும் நம்பாதீர்கள். நல்ல தரமான எவர்சில்வர் சிலவற்றில் காந்தம் ஒட்டாது. பாத்திரக் கடைக்குப் போகும்போது குட்டிக் காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அடுப்புக்கு அடியில் செய்தித்தாளோ துணியோ விரிக்கக் கூடாது. கீழே உள்ள ஃபேன் அதை உறிஞ்சி அடைத்துக்கொள்ள, அடுப்பு பாதியில் நின்றுவிடும்.

ஓர் அடுப்பில் சாம்பார், சாதம், பொரியல்

புழுங்கலரிசி 2 டம்ளரை மூன்று முறை கழுவி அரை மணி நேரம் ஊறவைத்து, 5½ முதல் 6 டம்ளர் தண்ணீர், அரை ஸ்பூன் எண்ணெயோடு ரைஸ் குக்கரில் போடுங்கள். அரிசியும் தண்ணீரும் சேர்ந்து பாத்திரத்தில் பாதிக்கு மேல் இருந்தால் கஞ்சி பொங்கி மேசையெல்லாம் வழியும். கழுவ இடமில்லாத வீட்டில் அது பெரிய தண்டனை.

சாம்பாருக்குத் துவரம்பருப்பு முக்கால் டம்ளர், இதுவும் அரை மணி நேரம் ஊறட்டும். வேகவைக்க, குடிநீராக வரும் மேட்டூர்த் தண்ணீரையே எடுங்கள். புழக்கடைக் குழாயில் பெரும்பாலும் போர் தண்ணீர்தான் வரும். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பை மசிய விடாது. பருப்புக்கு 2½ டம்ளர் தண்ணீர், மஞ்சள்தூள், நாலு சொட்டு எண்ணெய் சேர்த்து 1,200 வாட்டில் வையுங்கள். முதல் விசில் வந்ததும் 800-க்கு இறக்கி, இன்னும் மூன்று விசில் விடுங்கள். இறக்காமல் விட்டால் பருப்பு நுரை வெயிட் வழியாகச் சீறும். ஆவி தானே அடங்கியதும் மசித்து, பெரிதாக நறுக்கிய காய், சின்ன வெங்காயம், உப்பு, சாம்பார்ப் பொடி 2 ஸ்பூன் சேர்த்து ஒரே விசில். புளிக்கரைசலைக் கடைசியில் ஊற்றி ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். முதலிலேயே புளி சேர்த்தால் பருப்பும் காயும் நறுக்கென்றே நிற்கும்.

இனி தாளிப்பு. தாளிப்புக் கரண்டி சிறியது என்பதால் அடுப்பு அதைக் கண்டுகொள்ளாது. தட்டையான பெரிய பாத்திரத்தில், ஞாயிற்றுக்கிழமை ஒரே தடவையாகத் தாளித்து வைத்துவிடலாம்: எண்ணெய் 100 மி.லி., கடுகு 2 மேசைக்கரண்டி, உளுத்தம்பருப்பு 2 மேசைக்கரண்டி, வரமிளகாய் 6, கறிவேப்பிலை ஒரு கைப்பிடி. 800 வாட் போதும், அதற்கு மேல் போனால் கடுகு கருகிவிடும். கறிவேப்பிலை மொறுமொறுவென்று ஆகும்வரை பொரியட்டும். ஆறியதும் ஈரமில்லாத பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் வரும். வெங்காயம், பூண்டு இதில் சேர்க்கக் கூடாது.

பொரியலுக்குத் தனி அடுப்பு வேண்டாம். ரைஸ் குக்கரோடு வரும் ஓட்டைத் தட்டில் பொடியாக நறுக்கிய பீன்ஸையோ கோஸையோ பரப்பி, சாதம் வேகும் கடைசிப் பதினைந்து நிமிடம் மேலே வையுங்கள். வெந்ததும் உப்பு, துருவிய தேங்காய், பாட்டில் தாளிப்பு 2 ஸ்பூன் போட்டுப் பிரட்டினால் சரி. கழுவ வேண்டியது ஒரு குக்கர், ஒரு பானை, ஒரு தட்டு.

தோசைக்கு இரும்புக்கல் நன்றாகவே வரும். சூடு நடுவில்தான் ஏறும் என்பதால் சின்னதாக ஊற்றுங்கள். ராகிக் களி மட்டும் வேண்டாம். துடுப்பைப் போட்டு அழுத்தினால் கண்ணாடி மேல் பானை வழுக்கும். வடை, பஜ்ஜியையும் விட்டுவிடுங்கள், ஹால் திரைச்சீலையில் எண்ணெய் வாடை தங்கிவிடும். மாலைப் பசிக்குத் தட்டுவடை பாக்கெட், துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், இரண்டு சட்னி இருந்தால் அடுப்பே தேவைப்படாது. நம் ஊருக்கு இதைச் சொல்லியா தரவேண்டும்!

மிஞ்சிய சாதத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிக் காலையில் பழையதாகச் சாப்பிட்டுவிடுங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் சும்மா மூடி வைத்த சோறு கெடும், சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது.

ஏற்காட்டில் என்றால்

மலை மேல் எஸ்டேட் குடியிருப்பிலோ வாடகை அறையிலோ சமைப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகக் காத்திருந்தால் பொழுது போய்விடும், பிரஷர் குக்கர்தான் வழி. ஒரு விசில் கூடுதலாக விடுங்கள். ரைஸ் குக்கரில் கால் டம்ளர் தண்ணீர் அதிகம் ஊற்றி, அரிசியை ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். மார்கழிக் குளிரில் இட்லி மாவு ஓர் இரவில் பொங்காது. முந்தின நாள் மத்தியானமே கரைத்துவிடுங்கள். ஜன்னல் ஓரம் எதையும் திறந்து வைக்காதீர்கள். குரங்குகளுக்குச் சமையல் நேரம் நன்றாகத் தெரியும்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் காலை 8 மணிக்குள் சமையலை முடித்துவிட வேண்டும். மழைக்காலத்தில் அறிவிப்பில்லாமலும் கரண்ட் போகும். அதற்கு 5 கிலோ சிலிண்டரும் ஒற்றை அடுப்பும் இருக்கட்டும். சிலிண்டரை நிமிர்த்தியே வைத்து, அடுப்பை அதைவிட உயரத்தில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு பரவும். ஆகவே டைல்ஸ் வெட்டும்போதும் வெல்டிங் நடக்கும்போதும் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். குளிருக்கென்றோ சமைக்கவென்றோ மூடிய அறைக்குள் கரி அடுப்பு மூட்டவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.