உறுப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் குடிசார் பொறியியல் தொழில்நுட்பவியலாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனிலும் பதுளையிலும் வேலைத்தளங்களில் நிற்கும் தொழில்நுட்பவியலாளர்கள், தொழில்சார் நிறுவனமொன்றில் உறுப்புரிமை என்றதும் “பத்து வருட அனுபவம் போதாதா?” என்றே கேட்கிறார்கள். போதாது. விண்ணப்பதாரர் தம் பொறுப்பில் எடுத்த தீர்மானங்களுக்கு எழுத்துச் சான்று உண்டா என்றுதான் மதிப்பீட்டாளர் பார்ப்பார். அந்தச் சான்றை வேலை நடக்கும் காலத்திலேயே சேர்க்காமல் விடுவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு.

“தாங்குசுவர் வேலையை மேற்பார்வை செய்தேன்” என்ற ஒற்றை வரி யாருக்கும் பொருந்தும். வீதியோரச் சரிவை வெட்டியபோது சுவருக்குப் பின்னால் நீர் ஊறுவதை எப்போது கண்டீர்கள், வரைபடத்திலுள்ள கசிவுத் துளைகள் (சுவருக்குப் பின்னாலுள்ள நீர் வெளியேற விடும் துளைகள்) போதாவென்று பொறியியலாளருக்கு எவ்வாறு அறிவித்தீர்கள், என்ன மாற்றம் அங்கீகரிக்கப்பட்டது, கொங்கிறீட் கனசதுர மாதிரிகள் 7ஆம், 28ஆம் நாட்களில் காட்டிய வலிமை என்ன, அது குறைந்திருந்தால் அடுத்து என்ன செய்தீர்கள் என்பவற்றைத் திகதியுடன் எழுதி, மேலதிகாரியின் கையொப்பத்தையும் அப்போதே பெற்றுவிடுங்கள். பொறியியலாளர் இடமாற்றம் பெற்றுப் போன பிறகு அந்தக் கையொப்பத்தைத் தேடி அலைவது வீண் சிரமம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீட்டு நிபந்தனைகளைத் தளத்தில் நடைமுறைப்படுத்தும் அனுபவம் மலையகத்தில் வேலை செய்பவர்களுக்கு இயல்பாகவே வாய்க்கிறது; அதைச் சாதாரண வேலையென்று கருதி அவர்கள் எழுதாமல் விடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இரண்டாவது தவறு, பாதைகளைக் குழப்பிக்கொள்வது. 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கைப் பொறியியல் பேரவையில் பதிவு செய்வது வேறு. தொழில்சார் நிறுவனமொன்றில் உறுப்பினராவது வேறு. தேசிய தொழில் தகைமையின் 7 மட்டங்களில் 4 வரையுள்ளவை சான்றிதழ்கள். 5உம் 6உம் டிப்ளோமாக்கள். 4ஆம் மட்டச் சான்றிதழை வைத்துக்கொண்டு டிப்ளோமா கேட்கும் தரத்திற்கு விண்ணப்பித்தால் கட்டணமும் காலமும் வீணாகும். கல்லூரிக்குச் செல்லாமல் தளத்திலேயே தொழில் கற்றவர்கள் அத்துடன் வழி அடைபட்டதாக எண்ண வேண்டியதில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையின் கீழ் அவர்களும் மதிப்பீட்டுக்குத் தோற்றித் தகைமை பெறலாம்.

வெளிநாட்டு வேலையை நாடுவோர் 1818இல் தொடங்கிய பிரித்தானிய சிவில் பொறியியலாளர் நிறுவனத்தின் தொழில்நுட்பவியலாளர் தரத்தைப் பற்றியும் விசாரிக்கிறார்கள். அங்கு அறிவு, தீர்வு காணல், பொறுப்பு, தொடர்பாடல், தொழில்சார் ஒழுக்கம் ஆகிய ஐந்து துறைகளிலும் தகுதியைக் காட்ட வேண்டும். தளத்தில் கெட்டிக்காரர்களாக இருப்பவர்கள் தொடர்பாடலைப் பொருட்படுத்தாததே பெரும்பாலும் சறுக்கலாகிறது. தொழிலாளரிடம் தமிழிலும் அலுவலகத்தில் சிங்களத்திலும் பேசிப் பழகியவர், தாம் செய்த வேலையை ஆங்கிலத்தில் விளக்கவும் முன்கூட்டியே பயிற்சி எடுக்க வேண்டும்.

உறுப்புரிமை கிடைத்ததும் கற்றலை நிறுத்திவிடுவது இன்னொரு தவறு. கலந்துகொண்ட பயிலரங்கையும் புதிதாகப் பழகிய அளவைக் கருவியையும் ஆண்டுதோறும் பதிந்து வைக்க வேண்டும்.

ஆவணங்களில் பெயர் வேறுபடுவதையும் அலட்சியம் செய்யாதீர்கள். தோட்டத்தில் பதியப்பட்ட பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறோர் எழுத்து, பரீட்சைச் சான்றிதழில் தந்தையின் பெயரே இல்லை என்பது நம்மிடையே பழகிப்போன சிக்கல். திருத்தம் செய்ய மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், விண்ணப்பப் படிவத்தைக் கையில் எடுப்பதற்கு முன்பே பிரதேச செயலகத்தில் அதைத் தொடங்கிவிடுங்கள்.