பிள்ளை பள்ளிக்கு வர முடியாத நாளில்

பினாங்கில் தமிழ்ப்பள்ளி வகுப்பாசிரியை நான். பிள்ளைக்குக் காய்ச்சலா? காலையிலேயே எனக்குத் தனியாக ஒரு வரி அனுப்புங்கள். வகுப்பு வாட்சப்பில் போட்டால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே தொலைந்துவிடும். கிளினிக் போனால் எம்சி (மருத்துவச் சான்றிதழ்) வாங்கி, திரும்பி வரும் நாளில் பையில் வைத்து விடுங்கள். போகவில்லையென்றால் தேதி, காரணம், கையெழுத்தோடு ஒரு கடிதம். தகவலே இல்லாமல் தொடர்ந்து 3 நாள் பிள்ளை வராவிட்டால் எச்சரிக்கைக் கடிதம் வீட்டுக்கு வரும். என்மேல் கோபப்படாதீர்கள், தொடக்கக் கல்வி இங்கே மலேசியாவில் 2003 முதல் சட்டப்படி கட்டாயம். அப்புறம், தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை உண்டு, மறுநாள் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறிய கால்வலிக்குக் கிடையாது! ஈப்போவில் கல்யாணமென்றால் முன்பே சொல்லுங்கள், பாடத்தை அனுப்பி வைக்கிறேன்.